புள்ளி எட்டு மில்லிமீட்டர்

வீட்டை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு, அதை இழுத்துப் போகிற கொக்கிக்காக நான்கு மாதம் அலைந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர் உண்டென்றால் அது என் அப்பாவாகத்தான் இருக்கும். இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீடு என்றால் சக்கரம் வைத்த வீடு. கேரவன். அபுதாபியிலிருந்து மேற்கே இரண்டரை மணி நேரம் போனால் வருகிற ருவைஸில், எண்ணெய் ஆலைக் குடியிருப்பில் நாங்கள் இருந்தோம். அப்பா ஆலையில் ரிக்கர் ஃபோர்மேன். கிரேனில் எதைத் தூக்கினாலும், எந்தக் கயிற்றைக் கட்டி எந்தக் கொக்கியை மாட்ட வேண்டும் என்று சொல்கிறவர் அவர்தான். அவருடைய வெள்ளைக்கார மேலதிகாரி வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பும்போது, யாரும் வாங்காமல் கிடந்த தன் கேரவனை அப்பா தலையில் கட்டிவிட்டுப் போனார். அதை இழுத்துக்கொண்டிருந்த ஜீப்பை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இழுவைச் சாமான்கள் அத்தனையும் அந்த ஜீப்போடு போயின. ஆகவே எங்கள் கேரவன் கிரேன் வைத்த லாரியில் ஏறி வந்தது. அப்பாவே விசில் ஊதி, கை காட்டி, குடியிருப்பின் பின்பக்க பார்க்கிங்கில் பூப்போல இறக்கி வைத்தார். அதன் பிறகு அது அசையவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. மார்ச்சில் பரீட்சை முடிந்ததும் ஊருக்கே போய்விடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. ஆலையில் நிறையப் பேருக்குக் குடும்ப வீட்டை எடுத்துக்கொள்கிறார்கள், எங்களுக்கும் கடிதம் வந்துவிட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சிவகங்கைக்குப் போக வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“போறதுக்கு முன்னாடி ஒரு தடவ” என்றார் அப்பா, கேரவன் வந்து இறங்கிய அன்று. “நம்ம வீட்ட நாமளே இழுத்துக்கிட்டுப் போயி, அந்தப் பக்கத்துக் கடல்ல ரெண்டு ராத்திரி தங்குறோம். பெருநாள் லீவுக்கு.”

அந்தப் பக்கத்துக் கடல் என்றால் கோர்ஃபக்கான். நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. மலையும் கடலும் ஒரே இடத்தில் இருக்கும். நான் மறுநாளே பள்ளியில் பக்கத்து இருக்கை மலையாளத்துப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. பெருநாள் முடிந்து போட்டோ கொண்டுவருகிறேன் என்று சபதம் போட்டேன். ஊருக்குப் போவதற்குள் அந்தக் கேரவன் கடலைப் பார்த்தாக வேண்டும். பத்து வயதில் எனக்கு இருந்த ஒரே லட்சியம் அதுதான்.

வேண்டியதெல்லாம் என்ன? எங்கள் ஜீப்பின் பின்னால் போல்ட் போட்டு முடுக்க ஓர் இரும்புச் சட்டம். அதன் மேல் இரும்பு உருண்டை ஒன்று. அந்த உருண்டை கேரவனின் மூக்கில் இருக்கிற குழிக்குள் போய் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். கூடவே, கொக்கி கழன்றாலும் பிடித்துக்கொள்ள ஒரு சங்கிலி, விளக்குகளுக்கு வயர். மற்றவர்கள் ஒரு காலைப்பொழுதில் வாங்கி மாட்டிவிடுகிற சாமான். அப்பா ஆரம்பித்தது ஒரு சார்ட்டில். ஆலையில் முப்பது டன் கொதிகலனைத் தூக்குவதற்கு முன் போடுகிற மாதிரியே ஒரு வரைபடம் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினார். கேரவனின் எடை, உள்ளே வைக்கப்போகிற சாமான்களின் எடை, எங்கள் மூன்று பேரின் எடை. எடையைச் சொல்ல மாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அப்பாவாகவே ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டார். அதற்கு இரண்டு நாள் சண்டை நடந்தது.

அடுத்து மூக்குப் பாரம். கேரவன் முன்பக்கம் எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்க வேண்டுமாம். ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கிற குளியலறைத் தராசு எங்கள் வீட்டில் இருந்தது. அதன் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, கட்டையின் மேல் கேரவனின் மூக்கை இறக்கினார். முள் எழுபத்தைந்து கிலோவைத் தாண்டக்கூடாது. தாண்டியது. அம்மா உள்ளே முன்பக்க அலமாரியில் கிரைண்டரை வைத்திருந்தாள்.

“இத எதுக்கு வச்ச?”

“ரெண்டு நாளைக்கு இட்லி வேணாமா? அங்க வந்து ரொட்டி தின்னுக்கிட்டா கிடக்க முடியும்?”

கிரைண்டர் பின்பக்கம் போனது. முள் மிகவும் இறங்கிவிட்டது. அதுவும் கூடாதாம். கிரைண்டரை நடுவில் வைத்தார். அப்புறம் அரை அடி முன்னால். ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க அந்தக் கிரைண்டர் கேரவனுக்குள் அங்கிட்டும் இங்கிட்டும் பயணம் போய்க்கொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் அந்த மாதம் பயணம் போனது அது ஒன்றுதான்.

கொக்கி வாங்க முசஃபாவுக்குப் போனோம். அபுதாபிக்கு வெளியே, கராஜும் சாமான் கடைகளுமாக இருக்கிற இடம். அங்கே அம்மாவின் தம்பி, என் மாமா, நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துகிற வேலையில் இருந்தார். உலகத்தில் தட்டி நிமிர்த்த முடியாதது எதுவும் கிடையாது என்பது அவருடைய கொள்கை. அவர்தான் எங்களை ஒரு பட்டாணியர் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் பளபளவென்று ஓர் உருண்டையை எடுத்து வைத்தார். அப்பா சட்டைப் பையிலிருந்து, மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கிற வெர்னியரை எடுத்தார்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இன்றைக்கு இது நடக்காது என்று.

“ஐம்பது புள்ளி எட்டு” என்றார். எங்கள் கேரவனின் மூக்கில் ஐம்பது என்று பொறித்திருந்தது. அது ஐரோப்பிய அளவு. கடையில் இருந்ததெல்லாம் அமெரிக்க உருண்டை, இரண்டு அங்குலம்.

“சேம் சேம் பாய். மாஃபி முஷ்கில்” என்றார் கடைக்காரர், எல்லாம் ஒன்றுதான், பிரச்சினையில்லை என்று.

“சேம் நஹி ஹை பாய். பாயிண்ட் எய்ட் ஜாஸ்தி ஹை. டெஸ்ட் சர்ட்டிபிகேட் ஹை க்யா?” அப்பாவுக்குப் புள்ளி எட்டு அதிகம், அதோடு எடை தாங்கும் என்று சோதித்த சீட்டும் வேண்டும்.

கடைக்காரர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எங்களுக்கெல்லாம் டீ சொன்னார். பாவப்பட்டுத்தான் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

“மச்சான், இது என்ன கிரேனா? தலைமுடி அளவுக்கு வித்தியாசம். ரெண்டு தட்டுத் தட்டுனா தன்னால உக்காந்துரும்” என்றார் மாமா.

“தட்டி உக்கார வச்சது தன்னால எந்திரிச்சும் போகும் மாப்ள” என்றார் அப்பா.

அன்று ஒன்பது கடை. ஒன்றில் ஐம்பது கிடைத்தது, சீட்டு இல்லை. இன்னொன்றில் சீட்டு இருந்தது, உருண்டையில் இருந்த எண்ணும் சீட்டில் இருந்த எண்ணும் வேறு. இரும்புச் சட்டம் ஒன்றை மட்டும், வெல்டிங்கைக் கையால் தடவித் தடவிப் பார்த்து, கடைசியில் ஒப்புக்கொண்டார். மாமா அதை அங்கேயே ஜீப்பில் போல்ட் போட்டு முடுக்கினார். உருண்டை வைக்கிற இடம் காலியாக இருந்தது. “உங்கப்பா என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப இப்படி அளவு பாத்துருந்தா நான் தப்பிச்சுருப்பேன்” என்று அம்மா வண்டிக்குள் என்னிடம் சொன்னாள். அப்பாவுக்கும் கேட்டது. சிரித்தார். கொஞ்சம்கூட அசைந்து கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒரு காரணம். சங்கிலியின் கண்ணி மெலிசு. கேரவன் வயரின் முனையில் ஏழு கால் பிளக், ஜீப்பில் இருப்பது நாலு கால். பக்கக் கண்ணாடி அகலம் போதாது. பெருநாள் நெருங்கிக்கொண்டே இருந்தது. நான் மூக்கால் அழுதேன். சாப்பிட மாட்டேன் என்று ஒருநாள் சாயங்காலம்வரை இருந்து பார்த்தேன். அப்பா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊருக்குப் போய்விட்ட அந்த வெள்ளைக்காரருக்கு எழுதியிருக்கிறாராம். அவர் தன் ஊரிலிருந்து சரியான உருண்டையைச் சீட்டோடு அனுப்புவாராம். எப்போது? “வரும்.”

பெருநாளுக்கு முந்தைய நாள் மாமா வந்தார். அப்பா டூட்டிக்குப் போயிருந்தார். ஆலை பஸ்ஸில் போய்விடுவார் என்பதால் ஜீப் வீட்டில்தான் நின்றது. மாமா பையைத் திறந்தார். உள்ளே அந்தப் பட்டாணியர் கடை உருண்டை.

“மச்சான் வர்றதுக்குள்ள மாட்டி, ஒரு ரவுண்டு ஓட்டிக் காமிச்சுட்டா, அப்புறம் அவரு வாய மூடிக்கிட்டுத்தான ஆகணும்? என்ன பாப்பா சொல்ற?”

நான் என்ன சொல்வேன்? குதித்தேன். அம்மா வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னாள். ஒரே ஒரு தடவைதான். அவளுக்கும் பொறுமை போயிருந்தது.

மாமா உருண்டையை முடுக்கினார். ஜீப்பைப் பின்னால் எடுத்து, கேரவனின் மூக்கை அதன் மேல் இறக்கினார். உட்காரவில்லை. சுத்தியலால் இரண்டு தட்டு. நாலாவது தட்டில் ‘டொக்’ என்றது. “பாத்தியா!” என்றார். நான் ஓடிப்போய்க் கேரவனுக்குள் ஏறிக்கொண்டேன். யாரும் என்னை ஏறச் சொல்லவில்லை, இறங்கு என்றும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் கை காட்ட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. வண்டி நகர்ந்தது. என் வாழ்க்கையில் அதுபோல ஒரு பெருமையான இருபது விநாடி பிறகு வரவேயில்லை. இருபத்தோராவது விநாடியில் வேகத்தடை வந்தது.

ஜீப் ஏறி இறங்கிப் போய்விட்டது. கேரவன் போகவில்லை. மூக்கு கழன்று தார்ச்சாலையில் குத்தியது. கிரைண்டர், அரை அடி கணக்குப் பார்த்து வைத்த அதே கிரைண்டர், என்னைத் தாண்டி உருண்டு போய்க் கதவில் மோதியது. என் நெற்றி ஜன்னல் சட்டத்தில் இடித்துப் புடைத்தது. வேறொன்றும் ஆகவில்லை. சங்கிலி மாட்டவே இல்லை என்பது மாமாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அப்பா நாலு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். ஆலை வேலைக்கான கவரால் உடுப்பைப் போட்டபடியே குனிந்து மூக்கைப் பார்த்தார், உருண்டையைப் பார்த்தார். அப்புறம் என் நெற்றியைப் பார்த்தார்.

“இவ உள்ளயா இருந்தா?”

மாமா குனிந்து சுத்தியலைப் பையில் போட்டார்.

“ஆள உள்ள வச்சுக்கிட்டா மாப்ள இழுத்த?” என்றார் மறுபடியும். குரல் உயரவேயில்லை. என் நெற்றிப் புடைப்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். அப்பா கத்தியிருந்தால் எங்களுக்கெல்லாம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பெருநாள் போயிற்று. கோர்ஃபக்கான் போயிற்று. பள்ளி திறந்ததும் மலையாளத்துப் பெண் போட்டோ கேட்டாள். கேரவனுக்கு உடம்பு சரியில்லை என்றேன். வேறு என்ன சொல்ல?

பிப்ரவரியில் ஒருநாள், தண்ணீர் பாட்டிலை எடுப்பதற்காக அப்பாவின் டூட்டி பையில் கை விட்டேன். அடியில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. பழைய துணியில் சுற்றி, ஆங்கில எழுத்து அச்சடித்த ஒரு அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் இரும்பு உருண்டை. ஐம்பது என்று பொறித்திருந்தது. கூடவே மடித்த சீட்டு. பெட்டியின் மூலை தேய்ந்திருந்ததைப் பார்த்தால் வந்து பல நாளாகியிருக்கும். முந்தின நாள்தான் நான் கேட்டதற்கு “இன்னும் வரலம்மா” என்றிருந்தார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! அடுப்படிக்கு ஓடினேன். அம்மா கிரைண்டரிலிருந்து மாவு வழித்துக்கொண்டிருந்தாள். அப்பாவை அம்மாவிடம் மாட்டிவிடுகிற சந்தோஷத்தில் மூச்சு வாங்கச் சொன்னேன். மூன்று மாதமாக இந்த மனுசன் உயிரை வாங்குகிறார் என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தவள், இப்போது வீட்டை இரண்டாக்குவாள் என்று எதிர்பார்த்தேன்.

அம்மாவின் கை மாவிலேயே நின்றது.

“எங்க பாத்த?”

“பையில. அடியில ஒளிச்சு வச்சுருக்காரும்மா!”

“இருந்த எடத்துலயே வச்சுரு” என்றாள். “பாத்தேன்னு சொல்லாத.”

“ஏம்மா?”

“சொல்லாதன்னா சொல்லாத.”

அன்றிலிருந்து அம்மா கொக்கியைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். மாமா போனில் கேட்டபோதுகூட, “அவர எதுவும் கேக்காதடா, விடு” என்றாள். இதைவிட அநியாயம் உண்டா? இத்தனை நாள் என் பக்கம் இருந்த ஒரே ஆளும் கட்சி மாறிவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னை ஏமாற்றுகிறார்கள் என்று நான் ஒரு வாரம் இருவரோடும் பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருக்கிறேன் என்பதை அவர்கள் கவனித்ததாகவும் தெரியவில்லை.

கடைசியில் கேரவனை நகர்த்தியது குடியிருப்பு அலுவலகம்தான். பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது கேரவனின் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். மாதம் முடிவதற்குள் வண்டியை வெளியே எடுக்க வேண்டும். அப்பா நோட்டீஸைப் படித்தார். மறுநாள் அந்த உருண்டை வெளியே வந்தது, அன்றுதான் தபாலில் வந்த மாதிரி. நான் வாயைத் திறக்கவில்லை.

இனிக் கோர்ஃபக்கான் போக நாள் இல்லை. விமானத்துக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. ஜெபல் தன்னா கடற்கரைக்குப் போவதென்று முடிவாயிற்று. குடியிருப்பிலிருந்து இருபது நிமிடம். நாங்கள் சாதாரணமாகவே மாதம் ஒரு முறை போய்ச் சுண்டல் சாப்பிட்டுவிட்டு வருகிற இடம்! நான்கு மாதப் பாடும், ஒன்பது கடையும், கடல் கடந்து வந்த உருண்டையும் அந்த இருபது நிமிடத்துக்கு.

கிளம்பும் முன் அப்பா என்னையும் அம்மாவையும் ஜீப்புக்குப் பின்னால் வரிசையாக நிற்க வைத்தார். ஆலையில் வேலை தொடங்கும் முன் தொழிலாளர்களுக்குச் சொல்கிற மாதிரி, இன்றைக்கு என்ன வேலை, அதில் என்ன ஆபத்து என்று கேட்டார்.

“என்ன ஆபத்து? சொல்லுங்க.”

“நீங்கதான்” என்றாள் அம்மா.

பிறகு மாட்டினார். மூக்கு உருண்டையின் மேல் இறங்கியது. சுத்தியல் இல்லை, தட்டல் இல்லை, ‘க்ளிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். கேரவனின் முன்னால் இருக்கிற சின்னச் சக்கரத்தின் கைப்பிடியை என்னைச் சுற்றச் சொன்னார். சுற்றச் சுற்றக் கேரவனின் மூக்கு மேலே போனது. கூடவே ஜீப்பின் பின்பக்கமும் எழும்பியது.

“பூட்டு விட்டுச்சா?”

“விடலப்பா.”

“இன்னும் சுத்து. விட்டுச்சா?”

“விடலப்பா!”

“அப்ப சரி” என்றார்.

கடற்கரையில் இரண்டு நாள். நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கும் நிம்மதி கிடையாது. ஒரு புது குக்கரை அம்மா கொண்டுவந்திருந்தாள், கைக்கு அடக்கமாகச் சின்னது. கூட ஒரே ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி, எல்லாம் புதுசு. “மூணு பேருக்கு இது எப்படிம்மா பத்தும்?” என்றால், “பத்தும்” என்றாள். அதோடு, நான் அலையில் விளையாட யாராவது கூட வர வேண்டாமா? இரண்டு பேரும் கேரவனுக்குள் அடுப்பு முன்னால் நின்றார்கள். அம்மா அப்பாவுக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தாள்.

“புளி எவ்வளவு?”

“நெல்லிக்கா அளவு.”

“நெல்லிக்கான்னா எத்தன கிராம்?”

நான் வெளியிலிருந்து கத்தினேன், இங்கேயும் அளவா என்று. அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் தராசு இல்லாமல் புளியை உருட்டி அவர் உள்ளங்கையில் வைத்து, “இவ்வளவு. கைக்குத் தெரியும்” என்றாள். அப்பா அந்தப் புளியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

திரும்பி வந்தோம். கேரவனை வாங்கிக்கொள்ள ஒருவர் மறுநாள் வருவதாக இருந்தது. அப்பா அதைப் பழைய இடத்தில் நிறுத்தினார். ஆனால் கொக்கியைக் கழற்றவில்லை. சாயங்காலம் வந்தது, கழற்றவில்லை. காலையில் பார்த்தேன், அப்படியே நின்றது. வாங்குகிறவர் வருகிற நேரம்.

“கழட்டிவிடுங்க” என்றாள் அம்மா மெதுவாக.

“பூட்டு கொஞ்சம் இறுக்கமா இருக்கு” என்றார் அப்பா. “பாக்கணும்.”

பன்னிரண்டு நாள் கழித்து அபுதாபி விமான நிலையத்தில் எங்களிடம் இரண்டு பெட்டிதான் இருந்தது. அப்பாவின் கையில் ஒன்றுமில்லை. அவர் அன்று சாயங்காலமே அந்தச் சின்னக் குக்கரோடு, குடும்பம் இல்லாதவர்கள் தங்குகிற கேம்ப் ரூமுக்குப் போகப் போகிறார் என்பதையெல்லாம் நான் அங்கே நின்றுகொண்டுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தக் காலையில் எனக்கு எதுவும் தெரியாது. நான்கு மாதம் மாட்டத் தெரியாதவர் இப்போது கழற்றவும் தெரியாமல் நிற்கிறார், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கு ஆத்திரமாக வந்தது. கிட்டே போனேன். பூட்டின் கைப்பிடியை ஒரு கையால் தூக்கினேன். பூட்டு விட்டது. சின்னச் சக்கரத்தைச் சுற்றினேன், மூக்கு எழும்பி உருண்டையை விட்டு வெளியே வந்தது. இறுக்கமாவது ஒன்றாவது!

“பாருங்கப்பா, எவ்வளவு ஈஸியா வந்துருச்சு!” என்றேன் பெருமையோடு.

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அப்பா குனிந்து, சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றி, மூக்கை மறுபடியும் உருண்டையின் மேல் இறக்கினார். ‘க்ளிக்’ என்றது.

“சரியா உக்காரல போலருக்கு” என்றார். “இரு, இன்னொரு தடவ பாத்துருவோம்.”

எனக்கு வந்த எரிச்சலில் நான் விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டேன்.